பம்ப் வார்ப்படம் ஒழுகினால், விரிசல் விட்டால், டூலை முறித்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

கோவையில் பம்ப், மோட்டார் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தகராறு பழகிப்போன ஒன்று. லேத்தில் ஓட்டை தெரிந்ததும் மெஷின் ஷாப் பவுண்டரியைக் குறை சொல்லும். பவுண்டரி டிராயிங்கைக் குறை சொல்லும். டிராயிங் போட்டவரோ தரம், அளவு, டாலரன்ஸ் எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்றே என்பார். இதற்கிடையில் குறையுள்ள பீஸை சம்மட்டியால் உடைத்து மறுபடி உலையில் போட்டுவிடுவார்கள். காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பீஸ்தான். அதை உருக்கிவிட்டபின் மிஞ்சுவது வாக்குவாதம் மட்டுமே.

ஓட்டை எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது எந்த இடத்தில் இருக்கிறது? அதன் உட்சுவர் எப்படி இருக்கிறது? முதல் கேள்வியின் பதில் அந்தப் பீஸை வைத்துக்கொள்ளலாமா என்று சொல்லும். இரண்டாவதன் பதில் அடுத்த பீஸில் எதை மாற்றுவது என்று சொல்லும். இந்தக் கட்டுரை பச்சை மணல் (ஈரமும் களிமண்ணும் கலந்த மணல்) அச்சில் வார்த்த சாம்பல் வார்ப்பிரும்பை, அதாவது எஃப்ஜி 200, எஃப்ஜி 260 தரங்களில் (எண் குறிப்பது மெகாபாஸ்கலில் இழுவலிமை) வரும் கேசிங் (பம்பின் வெளிக்கூடு), இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழலி), மோட்டார் பாடி ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது. அலுமினியத்துக்கும் வார்ப்பெஃகுக்கும் எண்கள் மாறும். பார்க்கும் முறை மாறாது.

எதையும் தொடுவதற்கு முன்

பீஸைக் கையில் எடுத்ததும், அச்சில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அச்சின் மேல், கீழ்ப் பெட்டிகள் சேர்ந்த கோடும், கேட் (குழம்பு அச்சுக்குள் நுழையும் வாய்) உடைத்த தழும்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். வாயுவும் கசடும் மேலே ஏறும். இரும்புக் குழம்பைவிட எடை குறைந்த கோரும் (பீஸின் உட்குழிவை உருவாக்க அச்சுக்குள் வைக்கும் மணல் வடிவம்) மேலே மிதக்கப் பார்க்கும். ஆகவே மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்ற ஒரு விவரமே பாதிக் காரணங்களைக் கழித்துவிடும். அடுத்து, வார்த்த தேதி, ஹீட் எண் (எந்த உருக்கலில் வந்தது என்பது), முடிந்தால் ஒரு லேடிலில் (குழம்பை ஏந்தி ஊற்றும் வாளியில்) அது எத்தனையாவது அச்சு என்பது. மூன்றாவதாக, ஓட்டையின் நடுவே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். லென்ஸ் வாங்கப் பெரிய செலவு ஆகாது.

மேல்தோலைச் சீவியதும் ஓட்டைகள் தெரிகின்றன. உட்சுவர் வழவழப்பாக இருக்கிறது

வழவழப்பான சுவர் என்றால் வாயு. இரும்பு குழம்பாக இருக்கும்போதே குமிழி உருவாகியிருக்கிறது. அதைச் சுற்றி உலோகம் உறைந்திருக்கிறது. ஆனால் எந்த வாயு, எங்கிருந்து வந்தது என்பதை நிறமும் உருவமும் பிரித்துச் சொல்லும்.

ஒன்று முதல் மூன்று மி.மீ. வரையான சின்னச் சின்ன உருண்டைகள், தோலுக்குச் சற்றே கீழே, உள்ளே கிராஃபைட் படலம் படிந்து பளபளவென்று இருந்தால் ஹைட்ரஜன். ஈரம்தான் மூலம். மணலில் தண்ணீர் கூடியிருக்கலாம். லேடிலின் உட்பூச்சு காயாமல் இருந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பின்ஹோல் (ஊசித்துளை) கூடுவதைப் பல பவுண்டரிகளில் பார்க்கலாம். மணலின் ஈரம் 3 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். கையால் பிடித்துப் பார்த்துப் பதம் சொல்லும் மூத்த மோல்டர்களின் திறமையை நான் மதிக்கிறேன். மழைக்காலத்தில் அதோடு மீட்டரும் இருக்கட்டும். இன்னொரு காரணம் பலர் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஸ்கிராப்பில் கலந்து வரும் அலுமினியத் துண்டு. குழம்பில் மிகக் குறைந்த அளவு அலுமினியம் இருந்தாலும் அது மணலின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து இரும்புக்குள் தள்ளும். மணல் சரியாக இருந்தும் பின்ஹோல் நிற்கவில்லை என்றால் ஸ்கிராப் குவியலைக் கிளறிப் பாருங்கள்.

ஓட்டைக்குள் கண்ணாடி மாதிரிக் கசடு ஒட்டியிருந்து, எல்லாமே மேல் பெட்டிப் பக்கம் இருந்தால் கதை வேறு. மாங்கனீசும் கந்தகமும் அதிகமாகிச் சேர்ந்த சல்ஃபைடு, ஆறிய குழம்பில் கசடோடு கலந்து, கார்பனோடு வினைபுரிந்து வாயுவை விடுகிறது. கந்தகத்தின் 1.7 மடங்கோடு 0.3 கூட்டினால் வருவதே தேவையான மாங்கனீசு சதவீதம். அதற்கு மேலே போட்டுவிட்டு, குழம்பையும் ஆறவிட்டு ஊற்றினால் இந்த ஓட்டை வரும். ஊற்றும் வெப்பத்தைக் கூட்டுவதே முதல் மருந்து.

தோலுக்குச் செங்குத்தாக, நீளவாக்கில், பிளவு மாதிரி இருந்தால் நைட்ரஜனைச் சந்தேகியுங்கள். பிக் அயர்னை (கச்சா இரும்புக் கட்டியை) குறைத்து எஃகு ஸ்கிராப்பை அதிகம் போட்டு, மலிவான கார்பன் தூளால் ஈடுகட்டும் இண்டக்‌ஷன் உலைகளில் இது வரும். யூரியா கலந்த ரெசின் கோரும் கொடுக்கும். இதை ஷிரிங்கேஜ் (உறையும்போது சுருங்குவதால் விழும் குழி) என்று தப்பாக எடுத்துக்கொண்டு ரைசரை (சுருக்கத்தை ஈடுகட்டக் குழம்பு தேக்கிவைக்கும் பகுதியை) பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள், ஒன்றும் குறையாது. நைட்ரஜன் குறைந்த கார்பன் தூளுக்கு மாறுவதும், சிறிதளவு டைட்டானியம் சேர்ப்பதும்தான் வழி.

கோருக்கு நேர் மேலே ஒரே ஒரு பெரிய வழுவழுப்பான குழி என்றால் கோரின் காற்றுப்போக்கி அடைபட்டிருக்கிறது. கோர் முனை அச்சில் உட்காரும் இடத்தில் பசை வழிந்து துளையை மூடியிருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

இனி இந்த ஓட்டைகள் பீஸின் வேலைக்கு என்ன செய்யும்? ஒரு கணக்குப் போடலாம். 40 மீட்டர் ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) கொடுக்கும் பம்பில் நீரழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ. ஒன்றரை மடங்கில் சோதித்தால் 6 கிலோ, அதாவது சுமார் 0.6 மெகாபாஸ்கல். கேசிங்கின் விட்டம் 250 மி.மீ., சுவர் 8 மி.மீ. என்று வைத்து அதை உருளையாகப் பாவித்தால், சுவரில் வரும் இழுவிசைத் தகைவு 9.4 மெகாபாஸ்கல்தான். கேசிங் உருளை இல்லை. வால்யூட் (நத்தைக்கூடு) வடிவத்தில் வளைவுத் தகைவும் சேரும். அதை மூன்று நான்கு மடங்காகவே வைத்துக்கொண்டாலும் எஃப்ஜி 200 இரும்பின் 200 மெகாபாஸ்கலுக்குப் பக்கத்தில்கூட வராது. நீரழுத்தத்துக்காக அந்தச் சுவர் 8 மி.மீ. தடிமனாக இல்லை, குழம்பு ஓடுவதற்காகவும் ஒழுகாமல் இருப்பதற்காகவும்தான். ஆகவே சுவரின் நடுவே ஒளிந்திருக்கும் 3 மி.மீ. உருண்டைக் குமிழியால் கேசிங் வெடித்துவிடாது. அதே குமிழி ஃபிளாஞ்ச் முகத்தில், கேஸ்கட் உட்காரும் இடத்தில் திறந்துகொண்டால் நீர் கசியும். அடிப்பாதம் சுவரோடு சேரும் மூலையில், தோலுக்கு அருகே இருந்தால் நாள்பட்ட அதிர்வில் விரிசலுக்கு அது தொடக்கப்புள்ளி ஆகும். வளைவுத் தகைவு உச்சமாக இருப்பது மேற்பரப்பில்தான்; ஆழத்தில் இருக்கும் பெரிய ஓட்டையைவிடத் தோலடியில் இருக்கும் சிறிய ஓட்டை ஆபத்தானது.

டிசைனர் இதில் செய்யக்கூடியது: மெஷினிங் முகங்களையும் சீலிங் முகங்களையும் முடிந்தவரை கீழ்ப் பெட்டியில் வைக்கும்படி பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும் கடையோடு உட்கார்ந்து பேசுவது. தவிர்க்க முடியாமல் மேலே வரும் முகத்துக்கு மட்டும் மெஷினிங் அலவன்ஸை (சீவுவதற்காக விடும் கூடுதல் தடிமனை) கூட்டிக் கொடுப்பது. எல்லா முகத்துக்கும் 3 மி.மீ. என்று ஒரே எண்ணை எழுதிவிட்டுப் போவது சோம்பல்.

சோதனையில் நீர் வியர்க்கிறது; தடித்த இடம் மெல்லிய சுவரோடு சேரும் மூலையில்

அதிகம் பணம் தின்பதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் குறைதான். அறுத்துப் பார்த்தால் சுவர் சொரசொரப்பாக, மீன்முள்ளை அடுக்கியதுபோல நுண்கிளைகளோடு இருக்கும். இது ஷிரிங்கேஜ். அங்கே உலோகம் கடைசியாக உறைந்திருக்கிறது. அக்கம்பக்கம் முன்பே உறைந்துவிட்டதால் சுருக்கத்தை ஈடுகட்டக் குழம்பு வந்து சேரவில்லை.

ஏன் அந்த மூலை கடைசியாக உறைகிறது? உறையும் நேரம், கனஅளவைப் பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது சுவோரினோவ் விதி. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. மூலையில் தடிமன் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதமும் காம்பஸும் போதும். சுவர் 10 மி.மீ., அதில் செங்குத்தாக நிற்கும் விலா (ரிப்) 10 மி.மீ., மூலை வளைவின் ஆரம் 5 மி.மீ. என்று முழு அளவில் வரையுங்கள். சந்திப்புக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அதன் விட்டம் 15 மி.மீ. வரும். சுவரைவிட ஒன்றரை மடங்கு. உறையும் நேரம் தோராயமாக 2.25 மடங்கு. அங்கே ஒரு குழி உருவாகத்தான் செய்யும். இப்போது விலாவை 6 மி.மீ., வளைவை 3 மி.மீ. ஆக்குங்கள். வட்டம் 12.25 மி.மீ. ஆகிறது, நேரம் ஒன்றரை மடங்குக்கு இறங்குகிறது. மணலையும் உலையையும் தொடாமல், பென்சிலாலேயே பாதிக் குறை தீர்ந்தது. 10 மி.மீ. ஆரத்தில் தாராளமாக வளைவு கொடுத்தால் வலு கூடும் என்று நினைப்பவர்கள் அந்த வட்டத்தையும் போட்டுப் பார்க்கட்டும்: 17.5 மி.மீ.

போல்ட் போடும் தடித்த மேடுகளுக்கும் இதே கணக்குதான். மேட்டை முழு உருண்டையாக நிறுத்தாமல், முடிந்தால் கோர் வைத்து நடுவே குடைந்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் அச்சுக்குள் ஒரு இரும்புத் துண்டைக் குளிர்விப்பானாக வைக்கச் சொல்லுங்கள். நான்கு விலாக்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதைத் தவிர்த்து, இரண்டு இரண்டாகத் தள்ளி வையுங்கள்.

டிராயிங் சரியாக இருந்தும் வியர்த்தால் பவுண்டரியில் பார்க்க வேண்டியவை உண்டு. சாம்பல் வார்ப்பிரும்பில் ஒரு நல்ல குணம்: உறையும்போது கிராஃபைட் பிரிந்து விரிவடைகிறது, அந்த விரிவே சுருக்கத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் அச்சு கெட்டியாக இருந்தால்தான். மணல் தளர்வாக இருந்தால் விரிவு அச்சின் சுவரைத் தள்ளிவிட்டு வீணாகிப்போகும். அப்போது பீஸின் எடையும் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். ஒழுகும் பீஸைத் தராசில் வையுங்கள். நல்ல பீஸைவிட எடை கூடுதலாக இருந்தால் அச்சின் கெட்டித்தனத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, பாஸ்பரஸ். அது சேர்ந்த கலவை 1000 டிகிரி செல்சியசுக்கும் கீழே, எல்லாம் உறைந்தபின் கடைசியாக உறையும். தடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை வலை ஒன்றை விட்டுச் செல்லும். பழைய அலங்கார வார்ப்பு ஸ்கிராப்பைப் போட்டால் பாஸ்பரஸ் ஏறும். நீரழுத்தம் தாங்க வேண்டிய பீஸுக்கு அந்த ஸ்கிராப் ஆகாது.

சோதனையைப் பெயிண்ட் அடித்தபின் செய்வதில் பயன் இல்லை. பெயிண்ட் சில மாதம் ஓட்டையை மூடிவைக்கும். மெஷினிங்குக்கு முன் செய்வதும் போதாது. வார்ப்படத்தின் தோல் அடர்த்தியானது. அதைச் சீவி, போல்ட் துளை போட்டபின்தான் உள்ளிருக்கும் நுண்துளைக்கு வெளியே வர வழி கிடைக்கிறது. மெஷினிங் முடிந்து, பெயிண்டுக்கு முன்.

வியர்க்கும் பீஸில் உப்பு நீரை நிறுத்தித் துருவால் அடைக்கும் பழக்கமும், இரும்புத்தூள் கலந்த பசையால் ஓட்டையைப் பூசிக் கிரைண்டிங் செய்து அனுப்பும் பழக்கமும் எங்கும் உண்டு. புதிதும் அல்ல. ஸ்காட்லாந்தில் டே நதியின் மேல் கட்டிய ரயில் பாலத்தின் வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, பிசின், இரும்புத்தூள், விளக்குக்கரி கலந்த பசையால் அடைத்தார்கள். அந்தப் பசைக்கு "போமாண்ட் முட்டை" என்று பவுண்டரியில் பெயரே இருந்தது. 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில் பாலத்தின் நடுப்பகுதி ரயிலோடு நதிக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றின் விசையைச் சரியாகக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பும், தூண்களோடு சேர்த்து வார்த்த காதுகளின் பலவீனமும் முக்கியக் காரணங்கள். பசை பாலத்தை விழவைக்கவில்லை. ஆனால் மேற்பார்வையாளர்கள் பார்த்திருக்க வேண்டிய குறைகளை அது மறைத்தது. ஓட்டையை அடைப்பவர் மேற்பரப்பை மட்டும் அல்ல, அடுத்தவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியையும் சேர்த்தே அடைக்கிறார். நுண்துளையை மூட வெற்றிடத்தில் ரெசின் ஏற்றும் முறை இருக்கிறது. வாங்குபவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்தால் அது நேர்மையான வேலை.

டூல் முனை தெறிக்கிறது. ஓரங்கள் பளபளவென்று வெள்ளையாக இருக்கின்றன

ஓரத்தை உடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்துக்குப் பதில் வெள்ளை நிறத்தில் உடைந்தால் சில் விழுந்திருக்கிறது: கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாமல் கார்பைடாகவே உறைந்துவிட்டது. வழக்கமான பீஸின் கடினம் பிரினெல் அளவில் 180 முதல் 220 வரை இருக்கும்; இது 400-ஐத் தாண்டும். மோட்டார் பாடியின் மெல்லிய குளிர்விப்புத் தகடுகளிலும் கேசிங்கின் கூரிய விளிம்புகளிலும்தான் முதலில் வரும்.

எல்லாப் பீஸிலும் வருகிறதா, சிலவற்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒரு லேடிலின் கடைசி அச்சுகளில் மட்டும் வந்தால் இனாக்குலன்ட்டின் (கிராஃபைட் பிரிவதைத் தூண்டக் குழம்பில் சேர்க்கும் பொருளின்) வீரியம் தீர்ந்திருக்கிறது. ஃபெரோசிலிக்கான் போட்டதிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடங்களில் அதன் பலன் பெரும்பாலும் போய்விடும். அச்சுகளில் ஊற்றிய வரிசை எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதச் சொன்னால் இது ஒரே நாளில் தெரிந்துவிடும். எல்லாப் பீஸிலும் வந்தால் கார்பன் ஈக்விவலென்ட் குறைந்திருக்கிறது: கார்பனோடு, சிலிக்கானும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுத்தொகையின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வரும் எண் அது. அச்சில் ஊற்றுமுன் ஆப்பு வடிவச் சோதனைத் துண்டு ஒன்றை வார்த்து உடைத்து, வெள்ளை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் நல்ல பவுண்டரிகளில் உண்டு. இல்லாத பவுண்டரியை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழுதான பீஸ்களை 900 டிகிரி அருகே சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால் கார்பைடு கரையும். கூடவே வலுவும் குறையும்.

டிசைனருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எஃப்ஜி 260 என்று டிராயிங்கில் எழுதினால் பீஸ் முழுவதும் 260 மெகாபாஸ்கல் என்று பொருள் அல்ல. அது 30 மி.மீ. விட்டத்தில் தனியாக வார்த்த சோதனைக் கம்பியின் எண். அதே குழம்பு 60 மி.மீ. தடிமனில் மெல்ல உறைந்தால் கிராஃபைட் பருத்து வலு குறையும், 5 மி.மீ. தகட்டில் சட்டென்று உறைந்தால் சில் விழும். "எதற்கும் இருக்கட்டும்" என்று உயர்ந்த தரத்தை எழுதுவது மெல்லிய பீஸுக்கு உதவாது. உயர்ந்த தரம் என்றால் கார்பன் ஈக்விவலென்ட் குறைவு; சில் விழும் வாய்ப்பு அதிகம். தேவையான இடத்தின் தடிமனில் எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கான தரத்தைக் கேட்பதே முறை.

பம்ப் அதிர்கிறது, ஹெட் குறைகிறது. பீஸில் ஓட்டை எதுவும் இல்லை

கோர் நகர்ந்திருக்கும். ஒரு லிட்டர் கனஅளவுள்ள கோர் சுமார் 7 கிலோ இரும்புக் குழம்பை விலக்குகிறது; அதன் சொந்த எடை 1.6 கிலோ அளவுதான். மிச்சம் 5.4 கிலோ அதை மேலே தூக்குகிறது. கோரின் முனைகள் அச்சில் அழுத்தமாக உட்காராவிட்டால் கோர் உயர்ந்துவிடும். மேல் சுவர் மெலிந்து கீழ்ச் சுவர் தடிக்கும். இரண்டையும் அளந்தாலே தெரியும்.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அல்ட்ராசோனிக் தடிமன் மானிகள் பெரும்பாலும் எஃகுக்கு, அதாவது விநாடிக்கு 5,900 மீட்டர் ஒலிவேகத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். சாம்பல் வார்ப்பிரும்பில் வேகம் குறைவு, தரத்துக்குத் தரம் மாறும். 4,700 மீட்டர் வேகமுள்ள இரும்பில் அந்த மானி 10 மி.மீ. சுவரை 12.5 மி.மீ. என்று காட்டும். மெலிந்த சுவர் சோதனையில் தேறிவிடும். அதே ஹீட்டின் ஒரு துண்டை வெர்னியரில் அளந்து, மானியை அதற்கு ஒத்தமைத்தபின் தொடங்குங்கள்.

இம்பெல்லரில் எண்கள் இன்னும் நெருக்கடியானவை. 3 கிலோ இம்பெல்லர், நிமிடத்துக்கு 2,900 சுழற்சி வேகம், பம்ப் இம்பெல்லர்களுக்கு வழக்கமான ஜி 6.3 சமநிலைத் தரம் என்று எடுத்துக்கொண்டால் எடைமையம் சுழல் அச்சிலிருந்து சுமார் 0.02 மி.மீ. மட்டுமே விலகலாம். 60 மி.மீ. ஆரத்தில் கணக்கிட்டால் அது ஒரு கிராம். ஒரு கிராம் இரும்பு என்பது பக்கத்துக்கு 5 மி.மீ. உள்ள ஒரு கனசதுரம். தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மணல் கட்டி இந்தச் சமநிலையைக் குலைக்கப் போதும். பாலன்சிங் மெஷினில் வைத்து எதிர்ப்பக்கம் துளைத்துச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். எடைச் சமநிலை திரும்பும். ஆனால் கோர் நகர்ந்ததால் ஒரு நீர்வழி குறுகி இன்னொன்று அகன்றிருந்தால் ஓடும்போது நீரின் விசை சமமாக இராது. அது பாலன்சிங் மெஷினில் தெரியாது. அதிர்வும் பேரிங் தேய்மானமும் தொடரும். சமப்படுத்த வழக்கத்துக்கு மேல் துளைக்க வேண்டியிருக்கும் இம்பெல்லரைச் சந்தேகத்தோடு தனியே எடுத்துவைத்து, வெளிவிளிம்பில் ஒவ்வொரு நீர்வழியின் அகலத்தையும் அளந்து பாருங்கள்.

கோரைத் தாங்க வைத்த சேப்லெட் (சிறு உலோகத் தாங்கி) வார்த்த உலோகத்தோடு உருகிச் சேராவிட்டால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு கசிவு வரும். துருப்பிடித்த, எண்ணெய் படிந்த சேப்லெட்டைப் பயன்படுத்தியிருப்பார்கள். கோர் முனைகளை நீளமாக்கி, சேப்லெட்டே வேண்டாத அளவுக்கு வடிவமைப்பதுதான் மேல்.

தோலில் கோடு மாதிரி ஒரு தையல், விளிம்பு மழுங்கியிருக்கிறது

இரண்டு பக்கமிருந்து ஓடிவந்த குழம்பு சந்தித்தும் ஒன்றாகவில்லை. கோல்டு ஷட் என்பது இதுதான். அழகுக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். அது பிறக்கும்போதே இருந்த விரிசல். 5, 6 மி.மீ. சுவருக்கு ஊற்றும் வெப்பம் 1,400 டிகிரிக்குக் குறையக் கூடாது. அதற்கும் சரியாகாவிட்டால் கேட் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு ஓட்டங்களும் விசை படாத இடத்தில் சந்திக்கட்டும்.

மெஷினிங் முகத்தில் மணல் துகள், கசடு

டூல் முனை சட்டென்று மழுங்கும். கசடு என்றால் லேடிலில் வழித்தெடுக்கவில்லை, அல்லது ஊற்றும்போது வாய்க்குழியை நிறைத்து வைத்திருக்கவில்லை. மணல் என்றால் கேட்டிலிருந்து குழம்பு பாயும் திசையில் அச்சின் எந்த முனை அரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பீஸின் அந்த இடத்தில் அதே அளவுக்கு இரும்பு புடைத்துக்கொண்டிருக்கும். ரன்னரில் (கேட்டுக்குக் குழம்பு ஓடும் வாய்க்காலில்) செராமிக் வடிகட்டி வைத்தால் பெரும்பாலும் தீரும்.

சில மாதம் ஓடியபின் பாதத்தில் அல்லது ஃபிளாஞ்சில் விரிசல்

உடைந்த முகத்தைத் துடைக்காமல் பாருங்கள். கோணல்மாணலாக, கறுத்து இருந்தால் அது சூட்டிலேயே கிழிந்தது. பெயிண்டுக்குக் கீழே இத்தனை நாள் இருந்திருக்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் இது அரிது. வார்ப்பெஃகிலும் அலுமினியத்திலும் அடிக்கடி வரும். நேராக, புதிதாக, பளிச்சென்று இருந்தால் ஆறியபின் பிளந்தது. அதில் இரண்டு வகை. மேடுபள்ளமான தளத்தில் பாதத்தை வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தால் குற்றம் வார்ப்படத்தில் இல்லை. சாம்பல் வார்ப்பிரும்பு அமுக்கத்தில் இழுவிசையைவிட மூன்று நான்கு மடங்கு தாங்கும். வளைத்தால் சட்டென்று உடையும். தளம் சரியாக இருந்தும் உடைந்தால் உள்தகைவு. மெல்லிய பகுதி முதலில் ஆறிச் சுருங்கி நின்றுவிடுகிறது. தடித்த பகுதி பிறகு சுருங்கும்போது அதை இழுக்க வழியின்றித் தானே இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. சூடாக இருக்கும்போதே அச்சை உடைத்துப் பீஸை வெளியே எடுத்துப் போட்டால் இது கூடும். பெட்டிக்குள்ளேயே போதுமான நேரம் ஆறவிடுங்கள். துல்லியமான பீஸுக்கு 550 முதல் 600 டிகிரியில் வைத்துத் தகைவு நீக்குங்கள். ஆரக்கால் உள்ள புல்லிகளில் ஆரங்களை நேராகப் போடாமல் வளைத்துப் போடுவதும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பதும் இதற்காகத்தான்: சுருங்கும்போது ஆரம் சற்று வளைந்துகொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரிசல் வருகிறது என்பதற்காக அதே பேட்டர்னில் எஸ்ஜி இரும்பை (கிராஃபைட் உருண்டைகளாகப் பிரியும் வார்ப்பிரும்பை) ஊற்றச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. எஸ்ஜி இரும்பு உறையும் விதம் வேறு. அச்சின் சுவரை இன்னும் பலமாகத் தள்ளும். மக்னீசியக் கசடு மேல் முகங்களில் படியும். சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் தகடுகளே உள்ளுக்குள் கீறல்களாக இருப்பதால், கூடுதலாக ஒரு சிறு குமிழி பெரிய வித்தியாசம் செய்வதில்லை. எஸ்ஜி இரும்பில் அந்தக் குமிழி உறுத்தும். ரைசர், கேட், அச்சின் கெட்டித்தனம் எல்லாவற்றையும் மறுபடி வடிவமைக்காமல் குழம்பை மட்டும் மாற்றினால் செலவும் கூடும், குறைகளும் கூடும்.

டிராயிங்கில் எழுத வேண்டியது

"வார்ப்படம் குறையின்றி இருக்க வேண்டும்" என்ற வரியை அடித்துவிடுங்கள். எந்தப் பவுண்டரியாலும் அதை நிறைவேற்ற முடியாது. நிறைவேற்ற முடியாத வரியை யாரும் படிப்பதில்லை. பதிலாக பீஸைப் பகுதிகளாகப் பிரித்து நிழலிட்டுக் காட்டுங்கள். சீலிங் முகம், பேரிங் உட்காரும் இடம், பாதத்தின் மூலை, போல்ட் மேடு: இங்கே ஓட்டை கூடாது, வெல்டிங்கும் பசையும் கூடாது. நீர் தொடும் சுவர்: அழுத்தச் சோதனையில் ஒழுகக் கூடாது, இத்தனை மி.மீ.க்குக் குறைவான தனிக்குமிழி இருக்கலாம். பெயர்ப் பலகை ஒட்டும் இடம், வெளி விளிம்பு: பார்வைக்குத் தாழ்வில்லாமல் இருந்தால் போதும், நிக்கல் எலக்ட்ரோடால் சரிசெய்யலாம். எந்த முகம் கீழ்ப் பெட்டியில் வர வேண்டும் என்பதற்கு ஒரு அம்புக்குறி. எடைக்கு ஒரு மேல் வரம்பு.

புதுப் பேட்டர்ன் வந்ததும் முதல் பீஸை அளந்து பார்த்துவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள். அளவு சரியாக இருக்கிறதா என்பது அதில் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. தடித்த இடங்கள் மெல்லிய சுவரோடு சேரும் எல்லா மூலைகளிலும் அறுத்துப் பார்த்தபின், அந்தத் துண்டுகளில் தேதியைக் குத்தி அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒழுகும் பீஸ் ஒன்று திரும்பி வரும்போது அதே மூலையில் அறுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் துண்டிலேயே அந்தக் குழி இருந்தால் பேட்டர்னைத் திருத்துங்கள். இல்லையென்றால் அந்த வாரத்து மணல், உலைப் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள்.